லட்டு அண்ணனும் அரை செகண்டும்

பஸ் தாமதமாக வருகிறது என்று கவலைப்படுகிறவர்களைப் புதுக்கோட்டையில் நிறையப் பார்த்திருக்கிறேன். மழை தாமதம், சம்பளம் தாமதம், மாப்பிள்ளை வீட்டார் தாமதம் என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. சத்தம் தாமதமாக வருகிறது என்று சோறு இறங்காமல் அலைந்த மனிதர் இந்த மாவட்டத்திலேயே ஒருவர்தான். மணமேல்குடிக் கடற்கரையில் ஆரம்பித்து அன்னவாசல் பாறை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருவர் கிடைக்கமாட்டார். அவர் எங்கள் லட்டு அண்ணன்.

பெயரைப் பார்த்து ஆள் குண்டாக இருப்பார் என்றோ, இனிப்புக் கடை வைத்திருந்தார் என்றோ நினைத்துவிட வேண்டாம். மைக் ஸ்டாண்டுக்குச் சட்டை மாட்டிவிட்டது போல இருப்பார். இனிப்பைத் தொடவே மாட்டார். அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு வகையில் நானும் காரணம்.

அப்போது நான் சுந்தரம் அண்ணன் ஸ்டுடியோவில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவின் மேல் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, "வாருங்கள், வாருங்கள், ஆடித் தள்ளுபடி" என்று தெருத்தெருவாகப் போகுமே, அந்தக் குரல்களில் பாதி என்னுடையது. ஸ்டுடியோ என்றால் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு ஜூஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. சுவரில் பஞ்சு மெத்தை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். கோயில் திருவிழாப் பாட்டு, ஆவூர்ப் பக்கத்து மாதா கோயில் பாட்டு, காதுகுத்து வாழ்த்து, கட்சிப் பாட்டு எல்லாம் அங்கேதான் பிறக்கும்.

ஒரு நாள் அந்தக் கம்ப்யூட்டர் கரகரக்க ஆரம்பித்தது. நான் பேசினால் அப்பளம் நொறுக்குவது போல ஒரு சத்தம் கூடவே வந்தது. அன்னவாசல் பக்கம் ஒருவர் இருக்கிறார், பாட்டு சாப்ட்வேர் வைத்தியர் என்று யாரோ சொல்லி, சுந்தரம் அண்ணன் அவரை வரவழைத்தார். மொபெட்டை நிறுத்திவிட்டு ஒரே மூச்சில் மாடி ஏறி வந்தார். நாற்காலியைக் காட்டினோம். உட்காரவில்லை. அவர் உட்கார்ந்து வேலை பார்த்து நான் பார்த்ததே இல்லை. காபி கொடுத்தால் ஆறும்வரை பொறுக்கமாட்டார். பாதியைக் குடித்து, மீதியை ஜன்னல் ஓரத்தில் மறந்துவிட்டுப் போவார்.

என்னை மைக் முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னார். ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு என்னை உற்றுப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, பதினோரு மில்லி செகண்ட் லேட்டு."

எனக்குப் பகீரென்றது. "இல்லைங்க, நான் ஒன்பது மணிக்கே வந்துட்டேன். வேணும்னா அண்ணனக் கேளுங்க" என்றேன்.

"நீங்க வந்துட்டீங்க தம்பி. ஒங்க குரல் இன்னும் வரல."

விஷயம் இதுதான். மைக்கில் பேசுகிற குரல் கம்ப்யூட்டருக்குள் போய், அங்கே சாப்ட்வேரைச் சுற்றிக்கொண்டு, மறுபடி நம் ஹெட்போனுக்கு வந்து சேர வேண்டும். வழியில் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்கு லேட்டன்சி என்று பெயர். ஒரு செகண்டை ஆயிரமாக நறுக்கி அதில் பதினோரு துண்டு. எனக்கோ சுந்தரம் அண்ணனுக்கோ அது சாகிற வரை தெரியாது. அவருக்கு அது செருப்புக்குள் போன கல்.

அன்று முழுக்க "லேட்டன்சி, லேட்டன்சி" என்று முனகிக்கொண்டே படி ஏறினார், இறங்கினார். கீழே ஜூஸ் கடைக்காரர், "மேல வந்திருக்காரே, லட்டன்சி, அவருக்கு என்ன ஜூஸு வேணும்?" என்று என்னிடம் கேட்டார். திருத்த வேண்டியவன் நான். எனக்கு அது பிடித்துப்போய்விட்டதால் திருத்தவில்லை. அடுத்த வாரம் அவர் லட்டு அண்ணன் ஆகிவிட்டார். தீபாவளிக்கு சுந்தரம் அண்ணன் வீட்டில் டப்பா நிறைய லட்டுப் பிடித்து அனுப்பினார்கள். பொங்கலுக்கு மாதா கோயில் பாட்டுக் குழுவினர் ஒரு டப்பா. இனிப்பு தொடாத மனிதர் மாவட்டம் முழுக்க லட்டு வாங்கிக்கொண்டு திரிந்தார். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. நாள் கடந்த பிறகு கேட்கக் கூச்சமாகிவிட்டது.

கரகரப்பை அன்றைக்கே சரிசெய்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் கம்ப்யூட்டருக்கு அவர் செய்த பெரிய வைத்தியத்தைச் சொல்ல வேண்டும்.

பாட்டு சாப்ட்வேருக்குள் செருகிக்கொள்கிற துணைச் சாமான்களைப் பிளகின் என்பார்கள். எதிரொலி கொடுக்க ஒன்று, சுருதி விலகினால் இழுத்துப் பிடிக்க ஒன்று, குரலைத் தடிமனாக்க ஒன்று. சுந்தரம் அண்ணன் ஓசியில் கிடைத்த பிளகின் எதையும் விட்டுவைத்ததில்லை. எதிரொலிக்கு மட்டும் பதினான்கு வைத்திருந்தார். கோபுர எதிரொலி, குகை எதிரொலி, தண்ணீர்த் தொட்டி எதிரொலி. மொத்தம் முந்நூற்றுச் சொச்சம். காலையில் சாப்ட்வேரைத் திறந்தால் அது ஒவ்வொரு பிளகினாக எழுப்பி நலம் விசாரித்துவிட்டுத்தான் நம் பக்கம் திரும்பும். அதற்குள் நாங்கள் கீழே போய்ச் சாத்துக்குடி ஜூஸ் குடித்து, ஜூஸ் கடைக்காரருடன் அரசியல் பேசி, அதில் சண்டை வந்து சமாதானமும் ஆகிவிட்டுத் திரும்பலாம். ஒரு நாள் அது நலம் விசாரிப்பதிலேயே நின்றுபோயிற்று. திரை அசையவில்லை.

"எது கெட்டதுன்னு எப்புடிண்ணே கண்டுபிடிக்கிறது? முந்நூறு இருக்கே" என்றார் சுந்தரம் அண்ணன்.

"பாதியத் தூக்குங்க" என்றார் லட்டு அண்ணன்.

பாதிப் பிளகின்களை வேறு ஒரு பெட்டிக்கு மாற்றினார். சாப்ட்வேரைத் திறந்தார். திறந்தது. "அப்ப திருடன் அங்கிட்டு இருக்கான்." தூக்கிய பாதியில் பாதியைத் திரும்ப வைத்தார். நின்றது. "இப்ப இங்கிட்டு வந்துட்டான்." இப்படியே பாதி, பாதியில் பாதி, அதில் பாதி. எட்டு ஒன்பது தடவையில் ஒரே ஒரு பிளகின் மிஞ்சியது. மனிதக் குரலை இயந்திரக் குரலாக மாற்றுகிற சாமான் அது.

"இத எதுக்குங்க போட்டீங்க?"

சுந்தரம் அண்ணன் நெளிந்தார். "அய்யனாரு பேசுற மாதிரி ஒரு பாட்டுக்கு."

"அய்யனாரு ரோபோவா?"

சுந்தரம் அண்ணன் தன் கையாலேயே அதை அழித்தார்.

இந்தப் பாதிக் கணக்கு எங்களுக்குப் பிடித்துப்போனது. அவரோ அதை வாழ்க்கை முழுவதற்கும் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மூன்று நாளாகத் தலைவலி என்றேன். "மூணு நாளா செஞ்சத எல்லாம் ஒரு தாள்ல எழுதுங்க. நாளைக்கு அதுல பாதிய மட்டும் செய்யுங்க" என்றார். எழுதிப் பார்த்தபோது பட்டியலில் பாதிக்கு மேல் அவரோடு பேசியதாகவே இருந்ததால், நான் அந்த வைத்தியத்தைத் தொடரவில்லை. திருமயம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தது. விளக்குகளில் பாதியை அணைத்தார். போகவில்லை. மீதியில் பாதியை அணைத்தார். பந்தியில் பாயசம் வருகிற நேரம். இருட்டில் ஒருவர் பக்கத்து இலைப் பாயசத்தைக் குடித்துவிட்டார். கடைசியில் குற்றவாளி சமையல்கட்டு கிரைண்டர் என்று தெரிந்தது. கண்டுபிடித்ததற்காக யாரும் அவரைப் பாராட்டவில்லை.

எந்த சாப்ட்வேர் நல்லது என்று கேட்டுப் பலர் வருவார்கள். பாட்டு போடுகிற சாப்ட்வேர் இன்றைக்குத் தெருவுக்கு நாலு கிடைக்கிறது. எதை எடுப்பது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் அதிகம். இணையத்தில் அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற வீடியோக்கள் உண்டு. லட்டு அண்ணன் ஒன்றையும் நம்பமாட்டார்.

"வீடியோல பேசுறாரே, அவரு வீட்ல கரண்டு போகாதுங்க. நமக்குப் போகும்."

அவருடைய பரீட்சை இதுதான். புது சாப்ட்வேரை ஏற்றுவார். என்னை ஒரு பாட்டுப் பாடச் சொல்வார். பாட்டு பாதியில் இருக்கும்போது சுவருக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். கம்ப்யூட்டர் செத்துவிடும். சுந்தரம் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். பிறகு பிளக்கைச் சொருகித் திறந்து பார்ப்பார். நான் பாடிய வரைக்கும் பாட்டு பத்திரமாக இருந்தால் சாப்ட்வேர் பாஸ். 'எதிர்பாராத பிழை' என்று ஒரு பெட்டி வந்தால், "கரண்டு போறத எதிர்பாக்காதவனுக்கு நம்ம ஊர்ல என்ன வேலை?" என்று அன்றே நீக்கிவிடுவார்.

பாஸான சாப்ட்வேராவது நிலைத்ததா என்றால், இல்லை. மூன்று வாரம் நன்றாகப் போகும். நாலாவது வாரம் அவர் காதில் ஏதோ உறுத்தும். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடப்பார். திங்கட்கிழமை நாங்கள் வரும்போது திரை வேறு நிறத்தில் இருக்கும். சாம்பல் போய் நீலம், நீலம் போய்ப் பச்சை.

"லட்டண்ணே, போன வாரம் ரெக்கார்டு பட்டன் மேல இருந்துச்சு. இந்த வாரம் கீழ இருக்கு. அடுத்த வாரம் ஜூஸ் கடையில தேடணுமா?" என்று சுந்தரம் அண்ணன் ஒரு நாள் அழாத குறையாகக் கேட்டார்.

"ஒங்க பாட்டு எல்லாத்தயும் தனியா வெறும் சத்தமா எடுத்து வச்சிருக்கேன். அது எங்கயும் போகாது. சாப்ட்வேரத்தான மாத்துறேன்?"

அது உண்மைதான். நாலு சாப்ட்வேர் மாறியும் ஒரு பாட்டுகூடத் தொலைந்ததில்லை. அதனால்தான் சுந்தரம் அண்ணன் அவரை விரட்டவில்லை. விரட்டியிருந்தாலும் அவர் கவனித்திருக்கமாட்டார்.

அன்னவாசல் பக்கத்தில் ஒரு கிராமத்துத் திருவிழாவை மட்டும் சொல்லிவிடுகிறேன். தெரு நெடுகக் கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பக்கத்துக் குழாயின் பாட்டு முதலிலும் தூரத்துக் குழாயின் பாட்டு கொஞ்சம் பின்னாலும் வந்து காதில் மோதும். நமக்கெல்லாம் அது திருவிழாச் சத்தம். லட்டு அண்ணனுக்கு அது சித்திரவதை. எந்த இடத்தில் நின்றால் எல்லாம் ஒன்றாகக் கேட்கிறது என்று பார்ப்பதற்காக, கூட்டத்துக்கு நடுவே கையைத் தட்டிக்கொண்டு, "லேட்டா வருது, லேட்டா வருது" என்று முன்னும் பின்னுமாக நடந்தார். கண்கள் மூடியிருந்தன. பெண்கள் வழிவிட்டார்கள். ஒருவர் நெற்றி நிறைய விபூதி பூசினார். ஒரு பெரியவர் கைகூப்பி, "என்ன சாமி லேட்டா வருது? மழையா?" என்று கேட்டார்.

"எல்லாமே லேட்டுத்தான்யா" என்றார் லட்டு அண்ணன், வெறுத்துப்போய்.

அந்த வருடம் மழை லேட்டாகத்தான் வந்தது. மறு வருடம் அந்த ஊர்க்காரர்கள் அவரைத் தேடிவந்து பரிவட்டம் கட்டக் கூப்பிட்டார்கள். அவர் மொபெட்டில் ஆவுடையார்கோயில் பக்கம் தப்பித்துவிட்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களிடம்தான் கலாவின் கல்யாண வேலை வந்து சேர்ந்தது.

கலா கீரமங்கலத்துப் பெண். பூ விவசாயம் செய்கிற குடும்பம். அப்பா முத்தையா குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார். கல்யாணத்துக்கு வருவதாகத்தான் இருந்தது. விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. கம்பெனி அடுத்த மாதம் என்கிறது. முகூர்த்தம் அதுவரை காத்திருக்குமா? முத்தையா ஊரில் நன்றாகப் பாடுகிறவர். கலா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பூ எடுக்கப் போகையில் அவரே கட்டிப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் அப்பா அந்தப் பாட்டைப் பாட வேண்டும், குவைத்திலிருந்து நேரலையில், மண்டபத்தில் எல்லோரும் கேட்க வேண்டும். கலா கேட்டது அவ்வளவுதான். அவளும் தாய்மாமன் செல்வராசும் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்கள்.

"பாட்டுக்குக் கீபோர்டு மண்டபத்துல லைவா வாசிக்கணும். மச்சான் அங்கிட்டு இருந்து பாடணும். செஞ்சிரலாம்லங்க?" என்றார் செல்வராசு.

சுந்தரம் அண்ணன் தலையாட்டிவிட்டார். லட்டு அண்ணன் முகம் மட்டும் வெளுத்தது. எங்கள் மூவரில் விஷயம் புரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒத்திகையை வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வைத்தோம். அன்றைக்குத்தான் முத்தையாவுக்கு விடுமுறை. கீபோர்டு வாசிக்க ஆரோக்கியம் வந்தார். ஆவூர்ப் பக்கம் மாதா கோயிலில் வாசிக்கிறவர், கொஞ்சம் ரோஷக்காரர். வீடியோ காலில் முத்தையா வந்தார். ஆரோக்கியம் வாசித்தார். முத்தையா பாடினார்.

*பூவெடுக்கப் போன புள்ள, பொழுதடைய வந்துரு தாயி.*

குரல் என்னவோ அருமையான குரல். பாட்டுதான் மூன்றாவது வரியில் மேட்டில் ஏறுகிற லாரி மாதிரி திணறியது. ஐந்தாவது வரியில் நின்றேவிட்டது. நம் கீபோர்டு கடல் தாண்டி அவருக்குப் போய்ச் சேரக் கால் செகண்ட். அதைக் கேட்டு அவர் பாடுவது நமக்கு வந்துசேர இன்னொரு கால் செகண்ட். ஆக மொத்தம் அரை செகண்ட். ஆரோக்கியம் அவருக்காகக் காத்திருக்க, அவர் ஆரோக்கியத்துக்காகக் காத்திருக்க, இரண்டு பேரும் மரியாதையாக ஒருவரை ஒருவர் நிறுத்திவிட்டார்கள்.

"மச்சான், ஏன் இழுக்குறீங்க?" என்றார் செல்வராசு.

அரை செகண்ட் கழித்து முத்தையா சொன்னார். "நீங்கதான மாப்புள இழுக்குறீங்க?"

லட்டு அண்ணன் வேலையில் இறங்கினார். பிளகின் அத்தனையையும் கழற்றினார். எங்கள் சாப்ட்வேரை மாற்றினார். மதியத்துக்குள் இன்னொரு தடவை மாற்றினார். கம்ப்யூட்டருக்குள் இருந்த தாமதத்தைச் சுரண்டிச் சுரண்டி, பதினொன்றிலிருந்து நாலுக்குக் கொண்டுவந்தார். வெளியே இருந்த அரை செகண்ட் அப்படியே இருந்தது. அறைக்குள் நடந்தார். போதவில்லை, மாடிப்படியில் நடந்தார். மொபெட்டை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டு, ஒரு மணி நேரம் கழித்து வியர்வையோடு வந்தார். வாசற்படியிலேயே நின்று சொன்னார்.

"அது கடலு. அதுக்கு செட்டிங் இல்ல."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கலா எழுந்து நின்றாள். "பரவாயில்லைங்க. முடியாட்டி விடுங்க" என்று சொல்லிவிட்டு, அழக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லட்டு அண்ணன் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு ஆரோக்கியத்திடம் திரும்பினார்.

"நீங்க ஒரு தடவ முழுசா வாசிங்க. நான் பதிஞ்சுக்கிறேன். வாசிச்சத அவருக்கு அனுப்பிருவோம். அவரு அங்கேயே இன்னொரு போன்ல அதப் போட்டுக்கிட்டு, அதோட சேந்து பாடட்டும். பாட்டும் மியூசிக்கும் ஒண்ணா வரட்டும். லேட்டாத்தான் வரும். ஆனா ரெண்டும் சேந்து லேட்டா வந்தா, லேட்டுன்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப மண்டபத்துல நான் என்ன பண்றது?" என்றார் ஆரோக்கியம்.

"வாசிக்கிற மாதிரி கைய வச்சுக்கங்க."

"பொம்மை மாதிரியா?"

"பொம்மைன்னு இல்லைங்க. அமைதியா."

ஆரோக்கியம் கீபோர்டை உறைக்குள் போட்டுவிட்டார். கலா திரும்பிப் பார்த்தாள். அவர் மறுபடி உறையைக் கழற்றினார்.

அடுத்த வம்பு உடனே வந்தது. முத்தையா மியூசிக்கைப் போட்டுக்கொண்டு பாடினால், அவர் குரல் மட்டும் நமக்குக் கேட்கிறது, மியூசிக்கைக் காணவில்லை. போனில் வெளிச்சத்தத்தை வடிகட்டுகிற வசதி ஒன்று இருக்கிறதாம். அது ஆரோக்கியத்தின் கீபோர்டை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிட்டது. இதை லட்டு அண்ணன் உரக்கச் சொன்னதால் கீபோர்டு இன்னொரு முறை உறைக்குள் போய் வந்தது. முத்தையாவின் போனில் அந்த வசதியை நிறுத்த முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"மேல மூணு புள்ளி இருக்கா?"

அரை செகண்ட். "ரெண்டுதான் இருக்கு."

"அது கேமரா. அதுக்கு அங்கிட்டு பாருங்க."

அரை செகண்ட். "கட் பண்ணிட்டேன் போலருக்கே." திரை கறுத்தது.

இதெல்லாம் முடிந்தபின் அவர் அறையின் ஏசி சத்தம். "சத்தமில்லாத இடம் ஏதாவது இருக்காங்க?" என்று கேட்டார் லட்டு அண்ணன். முத்தையா யோசித்தார். "என் கிரேன் கேபின் இருக்குங்க. கண்ணாடிய ஏத்திட்டா ஒண்ணும் கேக்காது."

கடைசியில் முத்தையா அறையில் இருந்தபடியே ஒரு தடவை முழுப் பாட்டையும் பாடினார். அப்பழுக்கில்லாமல் வந்தது. ஏசி சத்தத்தையும் துடைத்து, ஆபத்துக்கு இருக்கட்டும் என்று லட்டு அண்ணன் அதைப் பதிந்து வைத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலை ஒன்பது மணி. மண்டபத்தில் அறுநூறு பேர் இருப்பார்கள். மேடைக்குப் பக்கத்தில் வெள்ளைத் திரை. அதில் முத்தையா. அங்கே ஆறரை மணி. விடியல் வெளிச்சத்தில் கிரேன் கேபினுக்குள் புதுப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். மேடையில் ஆரோக்கியம் கீபோர்டில் கையை வைத்தபடி தயார். அய்யர் கைகாட்டினார். முத்தையா தொண்டையைச் செருமினார். திரை உறைந்தது. பிறகு கறுத்தது. வீடியோ கால் துண்டித்துப்போயிற்று.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம். கூட்டம் சலசலத்தது. ஒரு பெரியம்மா ஆரோக்கியத்திடம் போய், "என்னய்யா, கைய வச்சிருக்க, சத்தமே வரல?" என்று கேட்டார். ஆரோக்கியம் மேலே பார்த்துக்கொண்டார். அய்யர் கடிகாரத்தைப் பார்த்தார். செல்வராசு லட்டு அண்ணனிடம் ஓடிவந்தார்.

"அன்னைக்குப் பதிஞ்சு வச்சிருக்கீங்கள்ல, அதப் போடுங்க. யாருக்கும் தெரியாது."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். அதில் லேட்டு இல்லை, இரைச்சல் இல்லை, ஒரு குறை இல்லை. லட்டு அண்ணன் வாழ்நாள் முழுக்கத் தேடிய பாட்டு அது. அவர் கை பட்டனுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

"பொறுங்க" என்றார்.

"நேரமாகுதுங்க."

"வந்துருவாரு. பொறுங்க."

மைக்கை எடுத்தார். அவர் மைக்கில் பேசி நாங்கள் கேட்டதில்லை. "பொண்ணோட அப்பா லைன்ல வந்துக்கிட்டு இருக்காரு. எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார். பிறகு கையைத் தூக்கியபடி நின்றார், டிராபிக் போலீஸ்காரர் மாதிரி. அறுநூறு பேர், நாதஸ்வரக்காரர்கள், அய்யர், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். காபி ஆறப் பொறுக்காத மனிதர் அசையாமல் நின்றார். நாலு நிமிடம் இருக்கும். எனக்கு அது நாலு மணி நேரம்.

திரையில் மஞ்சள் ஹெல்மெட் வந்தது.

முத்தையா பாடினார். படத்தில் உதடு ஒரு பக்கம் போக, பாட்டு அதன் பின்னால் வந்தது. நடுவில் அங்கே ஏதோ ஒரு வண்டியின் ஹாரன். இரண்டாவது அடியில் ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. மியூசிக் அவருக்காக நிற்கவில்லை. அவர் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. கலா மாலையும் கழுத்துமாக மைக்கை வாங்கினாள்.

"அப்பா, கேக்குதா?"

அரை செகண்ட்.

"கேக்குது தாயி."

"சாப்புட்டீங்களாப்பா?"

அரை செகண்ட். "நீ தாலி வாங்கிக்க தாயி. அப்பறம் சாப்புடுறேன்."

நாதஸ்வரம் எழுந்தது. நான் லட்டு அண்ணனைத் தேடினேன். மேடைக்குப் பின்னால் ஒயர்ச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தார்.

பந்தியில் பக்கத்து இலையில் இடம் பிடித்துக்கொண்டு கேட்டேன். "ஏண்ணே, அந்தப் பதிவு அவ்வளவு சுத்தமா இருந்துச்சே. ஏன் போடல?"

ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அது சுத்தமாத்தான் தம்பி இருக்கு. ஆனா அந்தப் புள்ள அப்பான்னு கூப்புட்டா, அது திரும்பப் பேசாதுல்ல."

முத்தையா அடுத்த மாதம் ஊருக்கு வந்தபோது, நேராக ஸ்டுடியோவுக்கு வந்து லட்டு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். போகும்போது, குவைத்தில் மண்டபங்களுக்கு சவுண்டு அமைக்கிற கம்பெனி ஒன்று ஆள் தேடுகிறது என்று சொன்னார். லட்டு அண்ணன் அப்போதும் நடந்துகொண்டேதான் கேட்டார். ஆறு மாதத்தில் கிளம்பிவிட்டார். கிளம்புகிற அன்று காலையிலும் எங்கள் சாப்ட்வேரை ஒரு தடவை மாற்றிவிட்டுத்தான் போனார். வழியனுப்ப நாங்கள் திருச்சி விமான நிலையத்துக்குப் போனோம். உள்ளே அறிவிப்பு செய்த ஸ்பீக்கரைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டே கையசைத்தார்.

அவர் போன பிறகு சுந்தரம் அண்ணன் கம்ப்யூட்டரில் எதையும் தொடவில்லை. திரை ஒரே நிறத்தில் இருக்கிறது. ரெக்கார்டு பட்டன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் போகிறேன், மைக் முன்னால் நிற்கிறேன், ஆடித் தள்ளுபடியைப் பேசுகிறேன், பத்து நிமிடத்தில் படி இறங்கிவிடுகிறேன். முன்பெல்லாம் இதே வேலைக்கு ஒரு பகல் பொழுது போகும். இப்போது எல்லாம் கொஞ்சம் சீக்கிரமாகவே முடிந்துவிடுகிறது.